அயர்லாந்து தந்த நிவேதனம்

இறைவன் திருமுன் அன்னம் படைக்கிறோம். திரையிட்டு, மணியொலித்து, தீபம் காட்டிய பின் அந்த அன்னத்துக்கு நைவேத்தியம் என்று பெயர். படைத்தபின் அது படைத்தவருடையது அன்று. மீண்டும் நம் கைக்கு வரும்போது பலருக்கும் பங்கிட்டு அளிக்கவேண்டிய பிரசாதமாகவே அது வருகிறது. இந்த நைவேத்தியம் என்ற சொல் பிறந்த வேரிலிருந்தே நிவேதிதா என்ற பெயரும் பிறந்தது. 'இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டவள்' என்பது அதன் பொருள். அப்பெயரைத் தாங்கி, அதன் பொருளாகவே வாழ்ந்து மறைந்த அம்மையார் பாரத மண்ணில் பிறந்தவர் அல்லர். அயர்லாந்து என்னும் சிறிய தீவில், கிறிஸ்தவ போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர்.

அயர்லாந்துக்கும் நம் நாட்டுக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. நம்மைப் போலவே அந்நாடும் ஆங்கிலேயரின் ஆட்சியில் நெடுங்காலம் வாடியது. 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயினால் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அங்கே சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர்; ஏறத்தாழ அதே அளவு மக்கள் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டு வெளியேறினர். அந்தத் துயரத்தை அறிந்த இனத்திலிருந்து பாரதத்தின் துயரை உணர்ந்த பெண்மணிகள் சிலர் வந்தது வியப்பன்று.

லண்டனில் பிறந்தாலும் ஐரிஷ் குருதியைப் பெருமையுடன் போற்றிய அன்னி பெசன்ட் அம்மையார் 1893-இல் இந்தியா வந்தார். பகவத் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். காசியில் 1898-இல் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1917-இல் காங்கிரஸ் மகாசபையின் தலைவரானார். 1933-இல் சென்னை அடையாற்றில் மறைந்தார். அயர்லாந்தின் பாயில் என்ற ஊரில் 1878-இல் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார், 1919-இல் மதனப்பள்ளியில் தாகூர் தங்கியிருந்தபோது, 'ஜன கண மன' பாடலின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர். இந்தியப் பெண்கள் சங்கத்தை அடையாற்றில் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர்.

முப்பது வயதில் இந்தியா வந்து, கல்கத்தாவின் ஒரு குறுகிய சந்துக்குள் குடியேறி, அச்சந்தின் மக்களுள் ஒருத்தியாகவே ஆகிவிட்டவர் சகோதரி நிவேதிதை.

தாயின் வேண்டுதல்

இன்றைய வட அயர்லாந்தில் டைரோன் என்ற மாவட்டம் உள்ளது. அங்கே டங்கனன் என்னும் ஊரில் 1867-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் மார்கரெட் எலிசபெத் நோபிள் பிறந்தார். தந்தை சாமுவேல் ரிச்மண்ட் நோபிள். தாய் மேரி இசபெல். தலைப்பிரசவத்துக்கு அஞ்சிய அந்தத் தாய், குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அதனை இறைபணிக்கே அளித்துவிடுவதாக நேர்ந்துகொண்டாள் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் இல்லங்களில் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மாரின் உள்ளமும் அதுதானே!

தந்தை ஏழைகளுக்காக உழைத்து உடல் நலிந்தவர். மார்கரெட்டுக்குப் பத்து வயது நிரம்பியபோது, முப்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். "இவளுக்கு இறைவனின் அழைப்பு வரும், அப்போது தடுக்காதே" என்னும் பொருள்பட அவர் மனைவியிடம் சொல்லிச் சென்றதாகக் கூறுவர். தாய்வழிப் பாட்டனார் ஹாமில்டன் அயர்லாந்தின் சுயாட்சிக்குப் பாடுபட்டவர். அவருடைய அரவணைப்பில் தேசபக்தியும் அச்சிறுமிக்கு இயல்பாகவே வாய்த்தது.

பள்ளிப்படிப்பை முடித்த மார்கரெட் 1884-இல், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே, ஆசிரியை ஆனார். குழந்தைகளை அடித்து மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, விளையாட்டாலும் கைவேலையாலும் அறிவை வளர்க்கும் புதிய முறையைக் கற்றுத் தேர்ந்தார். 1892-இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். எழுத்தாற்றலும் பேச்சாற்றலும் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. ஆனால் உள்ளத்தில் அமைதி இல்லை. இளமையில் கற்ற சமயக் கோட்பாடுகள் அவருடைய ஐயங்களைத் தீர்க்கவில்லை.

லண்டனில் கேட்ட குரல்

1895 நவம்பர். லண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் பதினைந்து பதினாறு பேர் கூடியிருந்தனர். செந்நிற அங்கி அணிந்த இந்தியத் துறவி ஒருவர் நடுவே அமர்ந்து உரையாடினார். இடையிடையே அவர் 'சிவ சிவ' என்று உச்சரித்தார். அவரே சுவாமி விவேகானந்தர். அன்று வந்திருந்தோர் பலரும் இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று கூறிக்கொண்டே கலைந்தனர். மார்கரெட்டும் முதலில் அவ்வாறே எண்ணினார். அடுத்த சில நாட்களில் அச்சொற்கள் அவருடைய மனத்தைவிட்டு அகலவில்லை. மீண்டும் சென்று கேட்டார், கேள்விகளை அடுக்கினார், சுவாமிகள் இங்கிலாந்தைவிட்டுப் புறப்படும் முன்பே அவரைத் தம் குருவாக மனத்தில் வரித்துவிட்டார்.

இந்தியப் பெண்களின் கல்விக்குத் தம்மால் ஆனதைச் செய்ய விழைந்த மார்கரெட்டை சுவாமிகள் எளிதில் அழைத்துவிடவில்லை. 1897 ஜூலை மாதம் எழுதிய கடிதத்தில் இங்குள்ள வெப்பம், வறுமை, தீண்டாமை, மூடநம்பிக்கை அனைத்தையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். வெள்ளையர்கள் அவரைக் கிறுக்கு என்று எண்ணுவர். இந்தியரோ விலகி நிற்பர் என்று எச்சரித்தார். அவரது கல்வி, தூய்மை, உறுதி, அன்பு ஆகியவற்றோடு, அவருடைய உடலில் ஓடும் கெல்டிக் குருதி, அதாவது அயர்லாந்து மக்களின் தொன்மையான இனக்குருதி, இப்பணிக்கு ஏற்றது என்றும் அதே கடிதத்தில் குறிப்பிட்டார். அவர் இந்தியாவுக்காக உழைத்தாலும் உழைக்காவிட்டாலும், வேதாந்தத்தைப் பற்றினாலும் விட்டாலும், தாம் இறுதிவரை துணைநிற்பதாக வாக்களித்தார்.

1898 ஜனவரி 28-ஆம் நாள் மார்கரெட் கல்கத்தா வந்து இறங்கினார். துறைமுகத்தில் சுவாமிகளே காத்திருந்தார்.

அன்னையின் அங்கீகாரம்

மார்ச் 17-ஆம் நாள் அன்னை சாரதா தேவியாரை அவர் முதன்முறையாகத் தரிசித்தார். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளும் அதுவே. ஐரிஷ் மக்கள் எங்கிருந்தாலும் கொண்டாடும் அந்நாளில் அவருக்குப் புதிய தாய் கிடைத்தாள். வைதிக ஆசாரம் மிகுந்த சூழலில் வாழ்ந்த அன்னை, அயல்நாட்டுப் பெண்களைத் தம் மக்களாக ஏற்று, அவர்களோடு அமர்ந்து உணவும் உட்கொண்டார். சுவாமிகளே இதைக் கேட்டு வியந்தார். அன்னையின் அந்த ஒரு செயல், மற்றவர்கள் எழுப்பக்கூடிய எதிர்ப்புகளுக்கெல்லாம் விடையாயிற்று.

மார்ச் 25-ஆம் நாள் சுவாமிகள் அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்தார். முதலில் சிவபூஜை செய்யக் கற்பித்தார். பின்னர் புத்தரின் பாதங்களில் மலர் சமர்ப்பிக்கச் செய்தார். மார்கரெட் அன்று நிவேதிதை ஆனார்.

பெயர் மாறியது, மனம் மாறுவது அத்தனை எளிதாக இல்லை. தாம் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று சுவாமிகள் கேட்டபோது, ஆங்கிலக் கொடியின்மீது பற்றுக்கொண்டவராகவே அவர் விடையளித்தார். அல்மோராவில் தங்கியிருந்த நாட்களில் சுவாமிகள் அவருடைய முன்முடிவுகளை ஒவ்வொன்றாகக் கடுமையாகத் தகர்த்தார். நட்பும் பரிவும் காட்டும் குருவை எதிர்பார்த்து வந்த நிவேதிதை தனிமையில் துன்புற்றார். ஆயினும் திரும்பிச் செல்ல எண்ணவில்லை. ஒருநாள் மாலை, இளம்பிறை தோன்றிய வேளையில், குரு அவரை ஆசீர்வதித்தார். அந்தத் துயரம் நீங்கியது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் குருவோடு அமர்நாத் குகையை அடைந்தார். பனி லிங்கத்தின் முன்னே சுவாமிகள் பரவசத்தில் மூழ்கினார். நிவேதிதைக்கோ அந்த அனுபவம் கிட்டவில்லை. தம் ஏமாற்றத்தை மறைக்காமல் குருவிடம் சொன்னார். இப்போது புரியாது, யாத்திரை செய்தாயிற்று, அதன் பலன் உரிய காலத்தில் தானே வரும் என்று சுவாமிகள் தேற்றினார். நெடுந்தூரம் நடந்து சென்று தரிசித்துவிட்டு, மனம் கரையவில்லையே என்று வருந்தும் எளிய பக்தர்களுக்கும் இது ஆறுதலான சொல்லன்றோ!

போஸ்பாரா சந்துப் பள்ளி

1898 நவம்பர் 13. காளிபூஜைத் திருநாள். கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில், போஸ்பாரா சந்தில் இருந்த ஒரு சிறிய வீட்டில் பெண்கள் பள்ளி தொடங்கியது. அன்னை சாரதா தேவியார் வந்து பூஜை செய்து, தேவியின் அருள் இப்பள்ளிக்குக் கிட்டவேண்டும் என்று ஆசி வழங்கினார்.

பெண்கள் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. வீடுவீடாகச் சென்று குழந்தைகளை அனுப்பும்படி நிவேதிதை வேண்டினார். எழுத்து, ஓவியம், தையல் ஆகியவற்றைக் கற்பித்தார். பிற்காலத்தில் சகோதரி கிறிஸ்டின் துணையுடன், மணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் தனி வகுப்புகள் நடந்தன. பணத்தட்டுப்பாடு ஓயவில்லை. தம் நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் கிடைத்ததை அவர் பள்ளிக்கே செலவிட்டார். பாட்டிமார் சொல்லக் கேட்ட புராணக் கதைகளைத் தொகுத்து 1907-இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அப்பள்ளியும் அவர் பெயராலேயே இன்றும் நடைபெறுகிறது.

மேனாட்டுக் கல்வியில் திளைத்த இந்தியர் சிலர் உருவ வழிபாட்டுக்கு நாணிய நாட்களில், நிவேதிதை காளி தத்துவத்தை மேடையேறி விளக்கினார். 1899 பிப்ரவரியில் கல்கத்தா ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் பேசியபோது, ஸ்ரீராமகிருஷ்ணருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் எழுந்து கடுமையாக ஆட்சேபித்தார். நிவேதிதை தளரவில்லை. அவ்வாண்டு மே மாதம் காளிகாட் ஆலயத்திலேயே பேசும் வாய்ப்பு வந்தது. அங்கே அனைவரும் காலணிகளைக் களைந்து தரையில்தான் அமரவேண்டும். எவருக்கும் நாற்காலி கிடையாது என்பது சுவாமிகள் வகுத்த விதி. தேவியின் சந்நிதியில் பெரியவர் சிறியவர் ஏது?

விளக்குமாறு ஏந்திய கை

அதே 1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணக் குழுவுக்கு நிவேதிதை செயலாளர் ஆனார். சுவாமி சதானந்தர் துப்புரவுப் பணியை நடத்தினார். ஒருநாள் ஆள் கிடைக்காதபோது, நிவேதிதை தாமே விளக்குமாற்றை எடுத்துத் தெருவைக் கூட்டத் தொடங்கினார். அதைக் கண்டு நாணிய அப்பகுதி இளைஞர்கள் ஓடிவந்து அப்பணியை ஏற்றனர்.

டாக்டர் ராதா கோவிந்த கர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். சேரிக் குடிசை ஒன்றில் தாயை இழந்த ஒரு குழந்தை பிளேக் கண்டு கிடந்தது. மருத்துவர் எச்சரித்தும், நிவேதிதை அக்குழந்தையை மடியில் ஏந்தியபடியே அமர்ந்திருந்தார். தாமே ஏணி வைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தார். குழந்தை பிழைக்கவில்லை, அவரைத் தன் தாயென்றே எண்ணி, அவர் கைகளிலேயே உயிர் நீத்தது.

1906-இல் கிழக்கு வங்கத்தில் வெள்ளமும் பஞ்சமும் சூழ்ந்தபோதும் அவர் படகிலும் நடந்தும் ஊர் ஊராகச் சென்றார். பெரும்பஞ்சம் கண்ட நாட்டின் மகள் அங்கே கண்டவற்றை நூலாகவும் எழுதினார். திரும்பியபின் கடும் காய்ச்சலில் விழுந்தார். அதற்குப் பின் அவருடைய உடல் பழைய வலிமையைப் பெறவே இல்லை.

குருவின் இறுதி உபசாரம்

1902 ஜூலை 2, ஏகாதசி. பேலூர் மடத்துக்கு வந்த நிவேதிதைக்கு, தாம் உபவாசம் இருந்தபோதும், சுவாமிகள் தம் கையாலேயே உணவு பரிமாறினார். உண்டு முடித்ததும் நீர் வார்த்துக் கைகழுவச் செய்து, துண்டினால் துடைத்தும் விட்டார். சீடர் குருவுக்குச் செய்யவேண்டியதை குரு சீடருக்குச் செய்வதா என்று நிவேதிதை பதறினார். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவவில்லையா என்று சுவாமிகள் வினவினார். 'அது அவருடைய இறுதி நாளில் அல்லவா?' என்ற சொல் நிவேதிதையின் நாவரை வந்து நின்றுவிட்டது. இரண்டு நாட்கள் சென்று, ஜூலை 4-ஆம் நாள் சுவாமிகள் மகாசமாதி அடைந்தார்.

தகனத்தின்போது சுவாமிகளின் திருமேனியைப் போர்த்திய காவித்துணியில் ஒரு சிறு துண்டு கிடைக்காதா என்று நிவேதிதை ஏங்கினார், கேட்கவும் தயங்கினார். மாலையில் சிதையிலிருந்து காற்றில் பறந்துவந்த சிறு துணித்துண்டு ஒன்று அவர் காலடியில் விழுந்தது. அதை குருவின் பிரசாதமாகவே ஏந்திக்கொண்டார்.

அந்தத் துயரத்தோடு மற்றொரு சோதனையும் சேர்ந்தது. அரசியலில் ஈடுபடுவதில்லை என்பது மடத்தின் உறுதியான நெறி. நாட்டின் விடுதலையை மறந்து கல்விப்பணி மட்டும் செய்ய நிவேதிதையால் இயலவில்லை. அம்மாதத்திலேயே அவர் மிஷனின் உறுப்பினர் நிலையிலிருந்து விலகினார். குருவின் பெயரால் கிடைத்த ஒரே குடும்பத்திலிருந்து, அக்குடும்பத்துக்கு ஆங்கில அரசால் தீங்கு நேரக்கூடாது என்பதற்காக, வெளியேறுவது எளிய தியாகமா? அப்போதும் துறவியருடனான அன்பு குறையவில்லை. 'ராமகிருஷ்ண விவேகானந்தரின் நிவேதிதை' என்றே தம்மைக் குறிப்பிட்டு வந்தார்.

பின்னர் நாட்டுப்பணியில் முழுமூச்சாக இறங்கினார். 1905 பிப்ரவரியில் வைஸ்ராய் கர்சன் பிரபு, வாய்மை மேனாட்டாருக்கே சிறப்பாக உரிய பண்பு என்னும் பொருள்படக் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசினார். கொரியாவில் தம் வயது முப்பத்து மூன்றாக இருக்க, மதிப்புக்காக நாற்பது என்று பொய் சொன்னதை அவரே ஒரு நூலில் எழுதியிருந்தார். நிவேதிதை அந்தப் பக்கத்தைத் தேடியெடுத்து நாளிதழில் வெளிவரச் செய்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் ஆராய்ச்சி நூல்கள் உருவாகவும் தம் எழுதுகோலால் துணைநின்றார்.

தமிழகமும் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. வங்கத்தில் நிவேதிதையைச் சந்தித்த மகாகவி பாரதியார் அவரைத் தம் குருவாகவே கொண்டார். 1908-இல் வெளியான 'ஸ்வதேச கீதங்கள்', 1909-இல் வெளியான 'ஜன்ம பூமி' ஆகிய நூல்களை அவருக்கே சமர்ப்பணம் செய்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்ட கேள்வியே, பெண்மை பற்றிய பாரதியாரின் எண்ணத்தை மாற்றியது என்பது தமிழுலகம் அறிந்த செய்தி.

கோபாலனின் அன்னையும் அயல்நாட்டு மகளும்

நிவேதிதையின் வாழ்வில் பலரும் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அகோரமணி தேவி என்ற மூதாட்டி, இளமையிலேயே கணவரை இழந்தவர். கங்கைக் கரையில் காமார்ஹாட்டியில் ஜபமாலையும் கையுமாக, பாலகிருஷ்ணனையே தம் மகனாகப் பாவித்து வாழ்ந்தவர். ஸ்ரீராமகிருஷ்ணரிடம் தம் கோபாலனைக் கண்டதால், 'கோபாலேர் மா', அதாவது கோபாலனின் அன்னை, என்று அனைவரும் அவரை அழைத்தனர். ஆசாரத்தில் அணுவளவும் பிசகாத பிராமண விதவை. பிறர் சமைத்ததைத் தொடவும் தயங்கியவர்.

அம்மூதாட்டி தள்ளாத வயதில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது எங்கே? போஸ்பாரா சந்தில், நிவேதிதையின் இல்லத்தில். உற்றார் அற்ற அவரை 1903-இன் இறுதியில் நிவேதிதை தம்மிடம் அழைத்து வந்தார். அவருடைய ஆசாரத்துக்குக் குறை வராதபடி, சமையலுக்கு ஒரு பிராமணப் பெண்ணை ஏற்பாடு செய்தார். மகள்போல் பணிவிடை செய்தார். ஆசாரத்தைக் கைவிடும்படி நிவேதிதை அவரைக் கேட்கவில்லை. அயல்நாட்டவள் என்று அந்த மூதாட்டியும் விலகவில்லை. 1906 ஜூலையில் இறுதி நெருங்கியபோது, மலர்களால் கட்டிலை அலங்கரித்துக் கங்கைக்கரைக்குக் கொண்டு சென்றனர். நிவேதிதை வெறுங்காலோடு உடன் நடந்தார். கங்கைக் கரையிலேயே கோபாலனின் அன்னை கண்மூடினார்.

இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல்கடந்து வாழ்கின்றனர். அயல்நாட்டு மருமகளும் மருமகனும் நம் பூஜையறை வாயிலில் தயங்கி நிற்கும் நாட்கள் இவை. நூற்றாண்டுக்கு முன் ஒரு வைதிக மூதாட்டியும் ஓர் ஐரிஷ் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து காட்டிய நெறி, பல வாதங்கள் தரமுடியாத தெளிவை நமக்குத் தரும்.

பிரசாதம்

1911 அக்டோபர் 13-ஆம் நாள், டார்ஜிலிங்கில், போஸ் தம்பதியரின் அரவணைப்பில் நிவேதிதை மறைந்தார். நாற்பத்து நான்கு வயது நிறைவதற்கு இன்னும் பதினைந்து நாட்கள் இருந்தன. படகு மூழ்கினும் தாம் உதயத்தைக் காண்பேன் என்னும் பொருளில் அவர் இறுதியில் பேசியதாகக் கூறுவர். இந்து முறைப்படி தகனம் நடந்தது. உயிலில், தமக்கென இருந்த பொருளையும் நூல்களின் வருவாயையும் இந்தியப் பெண்களின் கல்விக்கென பேலூர் மடத்தின் அறங்காவலர்களிடமே ஒப்படைத்திருந்தார். விலகி நின்ற இல்லத்துக்கே இறுதி நிவேதனமும் சென்று சேர்ந்தது. தமக்குரிய அனைத்தையும் இந்தியாவுக்குத் தந்தவர் என்று டார்ஜிலிங்கில் உள்ள நினைவுக்கல் கூறுகிறது.

அன்னை சாரதா தேவியார் நிவேதிதையைக் 'குக்கி', அதாவது சிறு பெண், என்று செல்லமாக அழைப்பது வழக்கம். நிவேதிதை அவருக்கு ஒருமுறை ஜெர்மன் சில்வரால் ஆன சிறு பெட்டி ஒன்றை அளித்திருந்தார். விலை மதிப்பு ஏதுமில்லாத எளிய பெட்டி. அன்னை அதில் ஸ்ரீராமகிருஷ்ணரின் திருமுடியை வைத்துப் பாதுகாத்தார். நாள்தோறும் பூஜையின்போது அப்பெட்டியைக் காணும்போதெல்லாம் நிவேதிதையின் நினைவு வருகிறது என்று அன்னை சொல்வதுண்டு.